பானையில் போடப்படாத பெயர்கள்: உத்திரமேரூர் முதல் கிண்டி வரை

அண்ணா பல்கலைக்கழகம், சென்னை ஐஐடி, மேலக்கோட்டையூர் ஐஐஐடிடிஎம் என்று ஏதாவது ஒரு தொழில்நுட்ப நிறுவனம் வேலை அறிவிப்பு வெளியிட்டால், அடுத்த சில மணி நேரத்தில் அது பழையசீவரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் காலனிகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிடும். எம்.இ. முடித்தவர்களும் பார்ப்பார்கள், ஐடிஐ முடித்துவிட்டு ஒரகடம் கம்பெனி வேனுக்குக் காத்திருப்பவர்களும் பார்ப்பார்கள். பார்த்தவர்களில் பலர் விண்ணப்பிப்பதில்லை. "இதெல்லாம் நம்ம ஆளுங்களுக்கா போட்டிருக்காங்க?" என்ற ஒரே கேள்வியோடு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள்.

இதைத் தாழ்வு மனப்பான்மை என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. அந்தக் கேள்வி வரலாற்றிலிருந்து வருகிறது. பொதுப் பதவிக்கு ஆள் எடுக்கிறோம் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, யார் வரக்கூடாது என்பதைத் தகுதி என்ற பெயரில் எழுதி வைக்கும் பழக்கம் நம் வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது.

சபைக்கு யார் தகுதி?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். இப்படித்தான் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு ஆள் தேர்ந்தார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பெருமை பேசினார். நம் பாடப் புத்தகங்களும் குடவோலையை மக்களாட்சியின் விதை என்றே சொல்லித் தருகின்றன.

கல்வெட்டைத் தொடர்ந்து படித்தால் தகுதிகள் வரும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வேதம் அறிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலி மட்டுமே இருந்தாலும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் ஓதி உணர்ந்தவராக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். கவனியுங்கள்: நிலத் தகுதியில் சலுகை இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகையும் ஏற்கனவே உள்ளே இருப்பவருக்குத்தான். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். ஏரியைத் தூர் வாரியவரும் வயலில் இறங்கியவரும் அந்த ஏரியின் வாரியத்தில் உட்கார முடியாது. அடுத்த நூற்றாண்டில் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி விலக்கு பெற்ற இடங்களைப் பட்டியலிடும்போது பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனியாகக் குறிக்கின்றன. சேரி இருந்தது. சேரிக்காரரின் ஓலைதான் குடத்தில் இல்லை.

அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பதவிக்கு வரக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொள்வோம். கடைசியில் தேவைப்படும்.

தரிசு நிலத்துக்கு விண்ணப்பம்

பழையசீவரத்தை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டம் மிராசி முறையின் கோட்டை. வெள்ளையர் ஆட்சியில் அரசுத் தரிசு நிலத்துக்கு யார் வேண்டுமானாலும் 'தர்க்காஸ்து' போடலாம் என்று விதி இருந்தது. காகிதத்தில் அது எல்லோருக்குமான வாய்ப்பு. ஆனால் மிராசுதாருக்கு முன்னுரிமை உண்டு. ஒரு பறையர் நிலம் கேட்டு மனுப் போட்டால், மிராசுதார் 'எனக்கு வேண்டும்' என்று சொன்னால் போதும், நிலம் அவருக்குப் போய்விடும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்கீர் 1891-ல் எழுதிய அறிக்கை இதைத்தான் ஆவணப்படுத்தியது. குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததால், எதிர்த்துப் பேசினால் குடிசையோடு விரட்டப்படும் நிலையையும் அது பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30 அரசாணையும் பஞ்சமி நிலங்களும் வந்தன.

அந்த நிலங்கள் பின்னாளில் என்ன ஆயின என்பதும், அவற்றை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டதும் நாம் அறிந்ததே. இங்கே நான் சொல்ல வருவது வேறு. 'யாரும் விண்ணப்பிக்கலாம்' என்ற வரியும், விண்ணப்பித்தவருக்குக் கிடைக்காமல் செய்யும் உள்விதியும் ஒரே காகிதத்தில் இருக்க முடியும். இன்றைய அறிவிப்புகளைப் படிக்க இந்தப் பாடம் அவசியம்.

அந்தக் காலத்திலேயே நம்மவர்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, பறையர் மகாஜன சபை அதை எதிர்த்து 3,412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. இதைத் தேசத்துரோகம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடமே மறுக்கப்பட்ட மக்களை வைத்துக்கொண்டு போட்டித் தேர்வு நடத்தினால், அதிகார நாற்காலியில் யார் போய் உட்காருவார்கள் என்ற கணக்கு அந்த மனுவில் இருந்தது. அரசு வேலைக்கு ஆளெடுக்கும் முறையைப் பற்றிய நம் முதல் அரசியல் தலையீடுகளில் அது ஒன்று.

கிண்டிக்குள் நுழைந்தவர்கள்

1794 மே மாதம், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அருகே மைக்கேல் டாப்பிங் முயற்சியில் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பள்ளி 1859-ல் பொறியியல் கல்லூரியாகி, 1920-ல் கிண்டிக்கு இடம் மாறியது. 1978 செப்டம்பர் 4-ல் கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கும் சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகமாயின. பக்கத்திலேயே மான் காட்டுக்குள் 1959-ல் ஜெர்மன் உதவியோடு ஐஐடி வந்திருந்தது.

நம் வட்டாரத்தின் நிலத்தை அளந்தவர்களும், ஏரிக்கு மதகு கட்டியவர்களும், சாலை போட்டவர்களும் கிண்டி வழியாக வந்தவர்கள். நம்முடைய மக்கள் அதே ஏரியில் மண் வெட்டினார்கள், அதே சாலையில் தார் ஊற்றினார்கள். தொழில்நுட்பம் என்பது கையும் மூளையும் சேர்ந்த வேலை. சாதி அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதிக்கு உழைப்பு என்றும் மறு பாதிக்கு அறிவு என்றும் பெயர் வைத்தது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பணி நியமனம் வேறு எந்த நியமனத்தையும் விட இறுக்கமாகப் பூட்டப்பட்டிருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டில் ஒன்று

அந்தப் பூட்டில் முதல் சாவியைப் போட்டது நீதிக்கட்சிக் காலத்து வகுப்புவாரி அரசாணை. 1921-ல் தொடங்கி, 1927-ல் தெளிவான வடிவம் பெற்று, சுப்பராயன் அமைச்சரவையில் எஸ். முத்தையா முதலியார் இருந்தபோது 1928-ல் நடைமுறைக்கு வந்தது. 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1.

பன்னிரண்டில் ஒன்று என்றால் 8.33 சதவீதம். 1942-ல் வைஸ்ராய் லின்லித்கோவிடம் அண்ணல் அம்பேத்கர் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து ஒரு மனு கொடுத்தார். வேலை ஒதுக்கீட்டோடு வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகையையும் தொழில்நுட்பக் கல்வியையும் அதில் கேட்டிருந்தார். 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்குக் கிடைத்ததும் அதே 8.33 சதவீதம்தான். 1946-ல் அது 12.5 ஆனது. இன்றைய மத்திய ஒதுக்கீடான 15 சதவீதம் 1970-ல் வந்தது.

சென்னை மாகாணத்தில் 1947-ல் பிரிவு மாறியது: 14 இடங்களில் பட்டியல் சாதிக்கு 2. இந்த ஏற்பாட்டை எதிர்த்துத்தான் செண்பகம் துரைராஜன் வழக்கு. மருத்துவக் கல்லூரி இடம் கேட்ட செண்பகத்தைப் பற்றி எல்லோரும் பேசுவோம். அந்த வழக்கோடு சேர்த்துக் கேட்கப்பட்ட இன்னொரு மனு சீனிவாசன் என்பவருடையது. அவர் கேட்டது கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம். 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி முறையை ரத்து செய்தது. தமிழ்நாடு கொதித்தது. ஜூன் மாதத்தில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து 15(4) பிறந்தது. அதே ஏப்ரல் 9-ல் வெங்கடரமணா வழக்கில், அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கும் பின்தங்கிய இந்துக்களுக்கும் உள்ள ஒதுக்கீடு 16(4)-ன்படி செல்லும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பணியிட ஒதுக்கீடு அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியிலேயே இருந்தது. யாரும் பிறகு போட்ட பிச்சை அன்று.

விதிவிலக்கு என்ற மதில்

ஒதுக்கீட்டை இனி நேரடியாக மறுக்க முடியாது. அடுத்த வழி, விதிவிலக்கு. 1975-ல் மத்தியப் பணியாளர் துறை ஒரு குறிப்பாணை போட்டது. 'ஏ' பிரிவின் அடிநிலைக்கு மேலுள்ள, ஆராய்ச்சி நடத்துவதற்கான அறிவியல், தொழில்நுட்பப் பதவிகளுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்றது. 1992 மண்டல் தீர்ப்பு ஒதுக்கீட்டை உறுதி செய்தாலும், ஆராய்ச்சி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பதவிகள், பேராசிரியர் மற்றும் அதற்கு மேலான பதவிகள் போன்றவற்றில் ஒதுக்கீடு உகந்ததாக இருக்காது என்று ஒரு கருத்தையும் சொல்லி வைத்தது.

ஐஐடிகளில் மாணவர் சேர்க்கையில் பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீடு 1973-ல் வந்தது. ஆசிரியர் நியமனத்தில் ஒதுக்கீட்டை நடைமுறைப்படுத்தச் சொல்லி அமைச்சகம் கடிதம் எழுதியது 2008-ல். அதுவும் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் உதவிப் பேராசிரியர் நிலையில் மட்டும். பத்தாண்டு கழித்து அமைச்சகம் தந்த விவரத்தின்படி 23 ஐஐடிகளில் இருந்த 6,043 ஆசிரியர்களில் பட்டியல் சாதியினர் 149 பேர், பழங்குடியினர் 21 பேர். சேர்த்து 2.8 சதவீதம்.

2019-ல் மத்திய கல்வி நிறுவனங்கள் ஆசிரியர் பணி ஒதுக்கீட்டுச் சட்டம் எல்லா நிலைகளையும் உள்ளே கொண்டுவந்தது. மறு ஆண்டே, டெல்லி ஐஐடி இயக்குநர் தலைமையிலான ஒரு குழு, ஐஐடிகளை அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்கீழ் விலக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒதுக்கீட்டை எப்படி நிறைவேற்றலாம் என்று யோசனை சொல்ல அமைத்த குழு, எப்படித் தப்பிக்கலாம் என்று யோசனை சொன்னது. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு 'சீர்மிகு நிறுவனம்' தகுதி என்ற பேச்சு வந்தபோதும் 69 சதவீத ஒதுக்கீடு என்னவாகும் என்ற கேள்விதான் முன்னால் நின்றது. 2020-ல் தமிழக அரசு அந்தத் தகுதி வேண்டாம் என்றது. 'சிறப்பு' என்ற சொல் வரும் இடத்தில் நமக்கு ஏன் பயம் வருகிறது என்பதற்கு இவ்வளவு வரலாறு இருக்கிறது.

ஏழாவது நாற்காலி

இன்னொரு தந்திரம் கணக்கில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி அறிவிப்புகள் புரிந்துவிடும்.

முழுப் பல்கலைக்கழகத்தையும் ஒரே அலகாக வைத்துப் பணியிடங்களை வரிசைப்படுத்தினால் 200 புள்ளி ரோஸ்டர். ஒவ்வொரு துறையையும் தனி அலகாக வைத்தால், சிறிய துறைகளுக்கு 13 புள்ளி ரோஸ்டர். பொருளாதார அடிப்படையிலான 10 சதவீத ஒதுக்கீடு வருவதற்கு முந்தைய அந்த 13 புள்ளி வரிசையில் நான்காவது இடம் ஓபிசிக்கு, ஏழாவது இடம் எஸ்சிக்கு, பதினான்காவது இடம் எஸ்டிக்கு. ஒரு துறையில் ஆறு பணியிடம்தான் என்றால் எஸ்சி ஆசிரியர் அங்கே ஒதுக்கீட்டில் வரவே முடியாது. ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது, 15 சதவீதம் இருக்கிறது, நாற்காலி மட்டும் ஏழாவது இடத்தில் காலியாகக்கூட இல்லை. அப்படி ஒரு நாற்காலியே செய்யப்படவில்லை.

2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறைதான் அலகு என்றது. 2018 மார்ச்சில் யுஜிசி அதை நாடு முழுவதும் சுற்றறிக்கையாக்கியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தலித், பழங்குடி, ஓபிசி அமைப்புகள் தெருவுக்கு வந்தன. மார்ச் 7-ல் அவசரச் சட்டம், ஜூலையில் சட்டம். இன்று மத்திய நிறுவனங்களில் முழு நிறுவனமும் ஒரே அலகு. மேலக்கோட்டையூர் ஐஐஐடிடிஎம் இருப்பது இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் என்றாலும் பெயரில் காஞ்சிபுரத்தைச் சுமந்து நிற்கிறது. அங்கேயும் இந்தச் சட்டம்தான். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதி 18, பழங்குடி 1. அந்தப் பதினெட்டுக்குள் 2009 சட்டப்படி அருந்ததியருக்கு 3. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 சதவீதம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். கிறிஸ்தவத்துக்குப் போன நம் சொந்தங்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

நாற்காலி உருவான பிறகும் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதிக் காலியாக வைக்கலாம். 2024 ஜனவரியில் யுஜிசியின் ஒரு வரைவு, நிரம்பாத ஒதுக்கீட்டு இடங்களைப் பொதுவாக மாற்ற வழி தேடியது. எதிர்ப்பு கிளம்பியதும், அப்படி மாற்றப்படாது என்று அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் யாராவது கவனித்ததால்தான் கதவு மூடாமல் நின்றது.

நிரம்பி வழியும் ஒரே பதவி

நம் மக்களுக்குத் தட்டுப்பாடே இல்லாத ஒரு பதவி உண்டு. வளாகத்தைக் கூட்டுவது, விடுதிக் கழிவறையைக் கழுவுவது. அரசுப் புள்ளிவிவரங்கள் பட்டியல் சாதி ஊழியர்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போது 'துப்புரவுப் பணியாளர் நீங்கலாக' என்று தனியே எழுதும் வழக்கம் உண்டு. சேர்த்தால் விகிதம் வேறு மாதிரி தெரியும் என்பது அவர்களுக்கே தெரியும்.

அந்த வேலையும் இப்போது நிரந்தர வேலை இல்லை. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு மத்திய அரசில் 'டி' பிரிவு என்பதே போய்விட்டது. துப்புரவும் காவலும் தோட்டமும் ஒப்பந்த நிறுவனங்களிடம் போயின. முதல் தலைமுறை பல்கலைக்கழகத்தில் தோட்டி வேலை பார்த்தாலும் மாதச் சம்பளம், ஓய்வூதியம், பிள்ளைக்குக் கருணை வேலை என்று ஏதோ ஒரு பிடி இருந்தது. அந்தப் பிடியை வைத்துத்தான் சில குடும்பங்களில் ஒரு பெண் பட்டம் வாங்கினாள். பேத்தி முனைவர் பட்டத்தோடு வரும் நேரத்தில் ஆசிரியர் வேலையும் 'தற்காலிகம்', 'தொகுப்பூதியம்', 'கௌரவ விரிவுரையாளர்' என்று மாறிக் கிடக்கிறது. நாம் படி ஏறி வரும்போது படியை மேலே தூக்குகிறார்கள்.

அறிவிப்பை எப்படிப் படிப்பது

அதனால் விண்ணப்பிக்காமல் இருக்கலாமா? கூடாது. விண்ணப்பமே வராத இடத்தில் 'ஆள் கிடைக்கவில்லை' என்று எழுதுவது சுலபம். நம் விண்ணப்பம் அந்தப் பொய்க்கு எதிரான சாட்சி.

அறிவிப்பு வந்தால் முதலில் பொதுப் பிரிவைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். பொதுப் பிரிவு என்பது எந்தச் சாதிக்கும் எழுதி வைத்த சொத்து அன்று, எல்லோரும் போட்டியிடலாம். தளர்வு எதுவும் பெறாமல் அதில் தேர்வாகும் பட்டியல் சாதியினரை ஒதுக்கீட்டுக் கணக்கில் கழிக்கக் கூடாது.

இரண்டாவது, எத்தனை இடம், எந்தப் பிரிவுக்கு, எந்தப் பாடத்தில் என்று அறிவிப்பில் இருக்கிறதா பாருங்கள். ஒதுக்கீட்டு இடங்கள் எந்தப் பாடத்தில் என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று நாக்பூர் பல்கலைக்கழக வழக்கில் 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், எண்ணிக்கை சொல்லாத அறிவிப்புகளைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

மூன்றாவது, பின்னடைவு இடங்கள் தனியாகக் காட்டப்பட்டுள்ளனவா? 2021 செப்டம்பர் 5 முதல் ஓராண்டுக்குள் பின்னடைவு இடங்களைச் சிறப்பு முனைப்பில் நிரப்பும்படி மத்திய நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. அதில் எவ்வளவு நிரம்பியது என்று ஒவ்வொரு நிறுவனத்தையும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நான்காவது, தற்காலிக வேலை என்றாலும் விடாதீர்கள். மத்திய அரசுப் பணிகளில் 45 நாளுக்கு மேற்பட்ட தற்காலிக நியமனத்துக்கும் ஒதுக்கீடு உண்டு என்று பணியாளர் துறை திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

ஐந்தாவது, ஏற்கனவே உள்ளே இருப்பவர்களுக்கு. தனியார் பொறியியல் கல்லூரிகளிலும் அரசுக் கல்லூரிகளிலும் வேலை பார்க்கும் நம் ஆசிரியர்கள், 1970 முதல் நடந்துவரும் கியூஐபி எனப்படும் தர மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். பணியில் இருந்தபடியே ஐஐடி போன்ற இடங்களில் மேற்படிப்பும் முனைவர் பட்டமும் படிக்க அது வழி செய்தது. முனைவர் பட்டம் இல்லாமல் அடுத்த படி இல்லை.

ஆறாவது, ரோஸ்டர் பதிவேட்டைக் கேளுங்கள். தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். மத்திய நிறுவனங்களில் பட்டியல் சாதி, பழங்குடிக்கான தொடர்பு அலுவலர் இருக்கிறார். மேலே தேசிய ஆணையமும், 2021 சட்டத்தின்கீழ் மாநில ஆணையமும் இருக்கின்றன. ஒருவர் தனியாகக் கேட்டால் பழிவாங்கல் பயம் இருக்கும். சங்கமாக, ஊராகக் கேளுங்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன விதி இங்கேதான் உதவும். கணக்குக் காட்டாதவர் பதவிக்குத் தகுதியற்றவர் என்று அவர்களே கல்லில் வெட்டினார்கள். அந்தக் கல்வெட்டைக் காட்டித்தான் இன்றும் மக்களாட்சிப் பெருமை பேசுகிறார்கள். அப்படியானால் அதே அளவுகோலை அவர்களுக்கே வைப்போம். எத்தனை நாற்காலி, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எது எத்தனை ஆண்டாகக் காலி என்று கணக்குக் காட்டாத பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பற்றிப் பேச என்ன தகுதி?

பழையசீவரம் ரயில் நிலையத்தில் ஏறினால் செங்கல்பட்டு, அங்கே மாறினால் கிண்டி. தூரம் அவ்வளவுதான். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதரே நம் ஊர் மலைக்கு வந்துவிட்டுப் போகிறார். நம் பிள்ளைகள் கிண்டிக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வர முடியாதா? ஓலையில் நம் பெயரை நாமே எழுதுவோம். குடத்தில் போட்டார்களா என்று நின்று பார்ப்போம்.

ஜெய்பீம்.